பெரிலின் வலது புருவம்

பெரிலுக்குப் பாம்புக் காது. கல்யாணத்துக்கு முன்னால் கவன்ட்ரி தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவள். லைனில் ஆள் மூச்சு விடுவதை வைத்தே, கோபமா அழுகையா என்று சொல்லிவிடுவாள். அந்தக் காதோடு அவள் வாழ்க்கைப்பட்டது நார்மனுக்கும், நார்மனின் சிவப்பு எம்ஜி காருக்கும். இரண்டே சீட், துணிக்கூரை, மழை வந்தால் மடியில் ஒழுகும். தேனிலவுக்கு வேல்ஸ் போனபோது பாதி வழி காருக்குள்ளேயே குடை பிடித்துக்கொண்டு போனவள் அவள். அன்று காரைத் திட்ட ஆரம்பித்தது, பேரன் பேத்தி எடுத்த பிறகும் ஓயவில்லை. திட்டுவதில் அவள் ருசி கண்டுவிட்டாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வசந்தம் பிறந்தால் நார்மன் டைமிங் வைப்பான். ஷெட்டில் பெரில் ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவன் விட்டுவிட்டு மின்னும் விளக்கை எஞ்சின் மேல் அடித்து, சுழலும் சக்கரத்தில் வெள்ளைக் கோடு எங்கே நிற்கிறது என்று பார்ப்பான். பிளக்கில் தீப்பொறி எப்போது விழவேண்டும் என்பதுதான் கணக்கு. கொஞ்சம் முன்னதாக விழுந்தால் வண்டி நன்றாக இழுக்கும். ரொம்ப முந்திக்கொண்டால் மேட்டில் எஞ்சின் கிணுகிணுக்கும், கரண்டி டிராயரை யாரோ தூரத்தில் குலுக்குவது மாதிரி. அதைக் கவனிக்காமல் ஓட்டினால் ஒருநாள் பிஸ்டன் ஓட்டையாகிவிடும்.

அதனால் கடைசித் தீர்ப்பு ஷெட்டில் கிடையாது, ஊருக்கு வெளியே செங்குத்தாக ஏறும் சன்ரைசிங் மேட்டில். டாப் கியரில் ஏறுவான், உச்சியில் நிறுத்துவான், பானெட்டைத் திறந்து பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் சின்னத் திருகை ஒரு மயிரிழை திருப்புவான், இறங்கி மறுபடி ஏறுவான். ஏறும்போதெல்லாம் இடப்பக்கம் திரும்பி அவளைப் பார்ப்பான். "ரோட்டைப் பாரு" என்பாள் பெரில். பாராட்டுக்கு அலைகிறான் என்று அவளுக்கு நினைப்பு.

இந்த வருஷம் முதல் ஏற்றத்திலேயே அவளுக்குக் கிணுகிணுப்பு கேட்டது.

"பிரமாதமா இழுக்குதுல்ல?" என்றான் நார்மன். உச்சியில் இறங்கி, திருகை இன்னும் முன்னே தள்ளிவிட்டு வந்தான்.

அவன் காது மந்தமாவது அவளுக்குத் தெரியாததல்ல. டிவி அலறும். எதைச் சொன்னாலும் "ஆமா கண்ணு" என்பான். கோழி வேண்டுமா மீன் வேண்டுமா என்று கேட்டாலும் அதே ஆமாதான். ஆனால் டைமிங் மட்டும் ஒரு வருஷமும் பிசகியதில்லை. அந்த ஒரு சத்தமாவது அவனுக்கு மிச்சமிருக்கிறது என்று அவள் நிம்மதியாக இருந்தாள். அதுவும் போய்விட்டதா? பழைய கார் கிளப் ஆட்களுக்கு எதிரில், பப்பில் வைத்து அவன் அடித்துச் சொல்லியிருக்கிறான்: எஞ்சின் பேசுறது காதுல விழாத அன்னைக்கு வண்டியை வித்துடுவேன். பிடிவாதக்காரன், செய்துவிடுவான். சொன்னால் கார் போய்விடும், சொல்லாவிட்டால் எஞ்சின் போய்விடும். இத்தனை நாள் திட்டிய காரின் கதவை அவள் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டாம் ஏற்றத்தில் எஞ்சின் கதறியே விட்டது.

"நார்மன், நிறுத்து."

"என்ன?"

"நிறுத்துன்னேன். கிணுகிணுங்குது."

ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தான். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

"எவ்ளோ நேரமா?"

"மொத தடவையே கேட்டுச்சு."

"அப்பவே சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா வித்துடுவியே, கழுதை. எனக்கு மனசு வரல."

அவன் அவள் பக்கம் திரும்பி முகத்தை உற்றுப் பார்த்தான். பிறகு, "அந்தக் கண்ணாடியைக் கழட்டு" என்றான்.

போன வாரம்தான் பெரிலுக்குக் கண்புரை எடுத்திருந்தார்கள். வெளியே போனால் போட்டுக்கொள்ளச் சொல்லிக் கொடுத்த கறுப்புக் கண்ணாடி பாதி முகத்தை மறைத்திருந்தது. "எதுக்கு?"

"உன் புருவம் தெரியல."

"என் புருவமா?"

"அந்தச் சத்தம் வந்தா உன் வலது புருவம் ஏறும். உனக்கே தெரியாது. எனக்கு அது கேக்காமப் போய் எத்தனையோ வருஷமாச்சு பெரில். அதைப் பாத்துதான் டைமிங் வைக்கிறேன். இன்னைக்கு அது ஏறுனதே தெரியல, எல்லாம் சரியா இருக்குன்னு நெனச்சுட்டேன்."

பெரில் கண்ணாடியைக் கழற்றிக் கைப்பையில் போட்டாள். வெளிச்சம் கூசி கண்ணீர் வந்தது. வெளிச்சம் மட்டும்தான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன்.

"அப்ப விக்கணுமே? பப்புல சொன்னியே," என்றாள்.

"எஞ்சின் பேச்சு காதுல விழலன்னா விப்பேன்னுதான் சொன்னேன். யார் காதுன்னு சொன்னேனா?"

"போடா கிழவா," என்றாள் பெரில், மூக்கைத் துடைத்துக்கொண்டே.

அவன் இறங்கிப்போய்த் திருகைப் பின்னே திருப்பிவிட்டு வந்தான். வண்டியை அடிவாரத்துக்கு இறக்கி, மறுபடி டாப் கியரில் மேட்டில் ஏற்றினான். பாதி மேட்டில் வழக்கம்போல அவள் பக்கம் திரும்பினான். ரோட்டைப் பாரு என்று அவள் சொல்லவில்லை. அவனுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டாள்.