பார்டருக்குள் தொலைந்த மெனு

"என் சிஸ்டம்ல நல்லா வருதேக்கா." இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டே பல வருஷம் பிழைத்தவன் நான். வெப்சைட் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் இதை மட்டும் என்னிடம் கற்றுக்கொள்ள வேண்டாம்.

சென்னை கம்பெனியை உதறிவிட்டு, காஞ்சிபுரம் செவிலிமேட்டில் வீட்டு மாடியிலேயே தொழில் தொடங்கியிருந்தேன். முதல் கஸ்டமர் சரளா அக்கா, பட்டுப்புடவைக் கடை முதலாளி. அவர் கைவிட்டால் எனக்கு மறுபடி சென்னை ரயில்தான். அதனால் இழைத்து இழைத்துச் செய்தேன். பெரிய மானிட்டரில் மெனு வரிசையாக நிற்கும். மொபைலில் மூன்று கோடாகச் சுருங்கும், தொட்டால் விரியும். அந்தக் கோடுகளுக்கு ஜரிகை நிறம் கொடுத்து, மேலே ஓடும் புடவை பார்டர் படத்தின் மீதே வைத்தேன். வேறு யாரும் மெச்சாததால் நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

சைட் வெளியான மறுநாள் அக்காவின் போன்.

"இன்னாபா, மெனுவே காணோம்? பெங்களூர் கல்யாண பார்ட்டி பார்த்துக்கினு இருக்காங்க. முகூர்த்தப் புடவை எங்கன்னு கேக்குறாங்க. சாயங்காலத்துக்குள்ள வரலைன்னா பழைய சைட்டையே போட்டுட்டு நீ கிளம்பு."

என் வாக்கியத்தைச் சொன்னேன். பலிக்கவில்லை. "போன்ல தங்கியிருக்கிற பழைய பக்கத்தை, அதான் கேஷை, க்ளியர் பண்ணிப் பாருங்கக்கா" என்றேன். அதுவும் பலிக்கவில்லை. கோடிங்கில் நல்லா இருந்த நாலு இடத்தையும் கெடுத்துப் பார்த்தேன். பயம் வந்துவிட்டது. கடைக்கே ஓடினேன்.

அக்கா போனை நீட்டினார். மூன்று கோடும் பளிச்சென்று இருந்தது.

"இதோ இருக்குதேக்கா!"

"அதுவா? பார்டர்ல ஜரிகைக் கோடுன்னு நெனச்சேன்பா."

கடையில் இருந்தவர்களும் எட்டிப் பார்த்து அதையே சொன்னார்கள். காஞ்சிபுரத்தில் ஜரிகைக் கோடு போட்டு, அதைப் பட்டன் என்று நம்பச் சொன்ன மேதை நான் ஒருவன்தான்.

"கலரை மாத்திடுறேன்" என்றேன். அக்கா விடவில்லை. மெத்தையில் உட்கார்ந்திருந்த வாடிக்கையாளர் முன்னால் ஒரு புடவையை உதறி விரித்தபடியே சொன்னார்: "நாங்க கேக்கறதுக்கு முன்னாடியே பிரிச்சுக் காட்டுறோம். நீ எல்லாத்தையும் மடிச்சு உள்ள வெச்சிக்கினு, தொட்டா வரும்ங்கற."

அங்கேயே உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். முக்கியமான நான்கு தலைப்புகளை மொபைல் திரையின் அடியில் எப்போதும் தெரியும்படி வைத்தேன். மிச்சத்துக்கு மூன்று கோடு, பக்கத்தில் 'மெனு' என்ற எழுத்தோடு. கடையில் இருந்த எல்லார் போனையும் கெஞ்சி வாங்கினேன். சின்னது, பெரியது, எழுத்தைப் பெரிதாக்கி வைத்தது, எல்லாவற்றிலும் பார்த்தேன். வெயில் தாழ்வதற்குள் பெங்களூர் பார்ட்டி முகூர்த்தப் புடவைகளைப் பார்த்துவிட்டு அக்காவுக்குப் போன் போட்டார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பெருமையோடு வீட்டுக்கு வந்தேன். மனைவி தன் போனில் என் சொந்தக் கம்பெனி சைட்டைத் திறந்து வைத்திருந்தாள்.

"ஏங்க, இதுல உங்க போன் நம்பர் எங்க இருக்குது?"

"என் சிஸ்டம்ல..." என்று ஆரம்பித்தவன் கையை நீட்டினேன்.

"உன் போனைக் குடு" என்றேன்.