பல்பொடி அப்பாதுரையின் ஈறு

அடி அண்ணாமலையில் அப்பாதுரையைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவருடைய வாயைத் தெரியாதவர்கள் கிடையாது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையோரம் ஒரு மேஜையைப் போட்டு, மூலிகைப் பல்பொடி டப்பாக்களைக் கோபுரமாக அடுக்கி, பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் ஏறி நிற்பார். விரலில் பொடியைத் தொடுவார். மேலே பத்துத் தேய், கீழே பத்துத் தேய். பக்கெட்டில் துப்பி, கொப்பளித்து, ஜனங்களைப் பார்த்து 'ஈ' என்பார். ஐம்பத்திரண்டு வயதில் முப்பத்திரண்டு பல்லும் முழுசாக இருக்கும். பத்தொன்பது வருஷமாக அவர் வீட்டில் உலை கொதித்தது பொடியால் அல்ல, அந்த 'ஈ'யால்தான்.

மூன்று வருஷத்துக்கு முன் பொடியின் நிறம் மாறியது. அதுவரை சாம்பல் நிறம். ஒரு நாள் துப்பியபோது பக்கெட்டில் ரத்தம் தெரிந்தது. விவரமான மனுஷன் என்ன செய்வார்? டாக்டரைப் பார்ப்பார். அப்பாதுரை அதைவிட விவரம். அடுத்த மாதமே பொடியில் காவிக்கல்லை இடித்துக் கலந்துவிட்டார். சிவந்த எச்சிலில் எது பொடி, எது ரத்தம் என்று எந்த பக்தருக்குத் தெரியும்? "புதுப் பொடி நல்லா புடிக்குது" என்று ஆளுக்கு ரெண்டு டப்பா வாங்கிப் போனார்கள்.

ரத்தத்தை மறைத்துவிடலாம், ஆட்டத்தை மறைக்க முடியுமா? கீழ் வரிசையில் நடு இரண்டும் ஆட ஆரம்பித்தன. முதலில் கண்டுபிடித்தவர் மனைவி சரசு.

"முறுக்க டீல நனைச்சித் துன்றவன் பல்பொடி விக்கிறான். ஊருக்குத் தெரிஞ்சா காறித் துப்பும்."

"துப்பட்டுமே. நம்ம பொடி போட்டுத் துப்பட்டும்."

வாய் விளையாடினாலும் உள்ளே கணக்கு ஓடியது. அந்த இரண்டும் விழுந்தால் ஸ்டூல் மேல் நின்று எதைக் காட்டுவது? டாக்டரிடம் போகலாம் என்றால் அங்கேயும் சிக்கல். ஒயின் ஷாப் வாசலில் பார்த்தால்கூட ஊர் மன்னித்துவிடும். பல் டாக்டர் வாசலில் பல்பொடிக்காரரைப் பார்த்தால் அன்றோடு கடை மூடல். போனாலும் போச்சு, போகாவிட்டாலும் போச்சு என்று நான்கு மாதம் நாக்கால் அந்தப் பற்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

கடைசியில் செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்தைத் தாண்டி ஒரு கிளினிக் கண்ணில் பட்டது. 'ஈறு நோய்க்கு லேசர் ஒளி சிகிச்சை' என்று போர்டு. உட்கார்ந்திருந்தவர்களில் முக்கால்வாசி வெள்ளைக்காரர்கள். இவர்கள் யாரும் அடி அண்ணாமலைக்கு வந்து கோள் சொல்லப்போவதில்லை. முகக்கவசத்தைக் கண் வரைக்கும் ஏற்றிக்கொண்டு, பெயர் கேட்டதற்கு 'ராஜா' என்று எழுதிக் கொடுத்தார்.

டாக்டர் கீதாஞ்சலி கீழ்பென்னாத்தூர்ப் பெண். நிலத்தில் மணிலா, அதாவது வேர்க்கடலை, போடுகிற குடும்பம். மெல்லிய கம்பி ஒன்றை ஈறோரமாக விட்டு அளந்தார்.

"மூணு மில்லிமீட்டர் இருக்கணும். உங்களுக்கு ஏழு இருக்கு."

"ஜாஸ்தியா இருந்தா நல்லதுதானே டாக்டர்?"

"பள்ளம் சார் அது. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல. உள்ள கிருமி குடித்தனம் பண்ணுது. எத வச்சிப் பல் தேய்க்கிறீங்க?"

"பொடி."

"எந்தப் பொடி?"

"அது... சும்மா ஒரு பொடி."

"அந்தச் சும்மா பொடிய இன்னையோட விடுங்க. ஈற அறுக்குது. இப்படியே போனா கீழ ரெண்டும் விழுந்துடும்."

ஈறுக்கு அடியில் இருக்கிற அழுக்கைச் சுரண்டி எடுப்பதுதான் முக்கியமான வேலை என்றார் டாக்டர். அதற்கு மேல் ஒரு மருந்தை வைத்து லைட் அடித்தால் மிச்சம் மீதி கிருமியும் குறையும்; லைட் ஒரு துணைதான், மந்திரம் இல்லை. அப்பாதுரையின் காதில் விழுந்தது 'லைட்' மட்டும். டார்ச் அடித்த இடத்தில் கறை படியுமா என்ன? யாருக்கும் தெரியாமல் போய் யாருக்கும் தெரியாமல் திரும்பிவிடலாம். அங்கேயே நாளும் குறித்தார்.

"பௌர்ணமி அன்னிக்கா? அன்னிக்கு ஜனமே வராதே. ரோடு முழுக்கக் கூட்டமா இருக்கும்."

"அதுக்குத்தான் டாக்டர்."

கணக்கு இதுதான். பௌர்ணமி அன்று அடி அண்ணாமலையே அவரவர் கடையில் கட்டிப்போட்டதுபோல் நிற்கும். ஒருத்தர் செங்கம் ரோட்டுப் பக்கம் தலை காட்டமாட்டார். மத்தியானம் முடித்துக்கொண்டு சாயங்காலம் ஸ்டூலில் ஏறிவிடலாம்.

அன்று நாற்காலியில் சாய்த்தார்கள். கண்ணுக்கு இருட்டுக் கண்ணாடி, ஈறில் மரத்துப்போகிற ஊசி, உதட்டோரம் எச்சில் உறிஞ்சும் குழாய். முகக்கவசம் ஆணியில் தொங்கியது. டாக்டருக்கு உதவியாக நின்ற பெண் குனிந்து பார்த்தாள். இன்னும் கொஞ்சம் குனிந்தாள்.

"அண்ணே! நீங்க பல்பொடி அண்ணன்தான? நான் தேவிப்ரியா. உங்க தெருவுக்குப் பின்தெரு. எங்கம்மா உங்க பொடிதான் போடுது!"

மறுக்கவேண்டுமென்றால் வாயை மூடவேண்டும். வாய்க்குள் டாக்டரின் இரண்டு விரல், ஒரு கண்ணாடி, ஒரு குழாய். "ஆ" என்றார் அப்பாதுரை.

"ஆமாம்ன்றாரு டாக்டர்."

டாக்டரின் கை நின்றது. "அந்தச் செவப்புப் பொடியா? எங்க ஊர்லயும் வாங்கறாங்களே!"

அப்பாதுரை எழப் பார்த்தார். "ஆடாதீங்க, லைட் ஓடுது" என்று தேவிப்ரியா தோளை அமுக்கினாள். ஊரில் எத்தனையோ பேர் எங்கெங்கோ மாட்டியிருக்கிறார்கள். வாயைத் திறந்தபடி ஒரு மணி நேரம் மாட்டியவர் இவர் ஒருவராகத்தான் இருக்கும்.

முடிந்ததும் டாக்டர் திட்டவில்லை. அதுதான் இன்னும் சங்கடம். "இன்னைக்கு அங்க விரல் படக்கூடாது. பொடி அறவே கூடாது. ஸ்டூல் மேல ஏறித் தேய்ச்சீங்கன்னா அந்த ரெண்டு பல்ல அப்புறம் நானும் புடிச்சி வைக்க முடியாது" என்று சொல்லி முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொடுத்தார்.

அப்பாதுரை 'ஈ' என்றார். ஈறு நீலம். பல் இடுக்கெல்லாம் நீலம். நாக்கின் நுனியும் நீலம்.

"லைட் அடிக்க வச்ச மருந்து அது. பொழுது விடிஞ்சா போயிடும்."

"எனக்குப் பொழுது சாயும்போது போகணுமே டாக்டர்!"

முகக்கவசத்தை ஆணியிலேயே மறந்துவிட்டு வெளியே வந்தால் ரோட்டில் வண்டி கிடையாது. மனுஷத் தலைகள்தான் தெரிந்தன. அடி அண்ணாமலைக்கு ஒரே வழி, கூட்டத்தோடு கூட்டமாக மலையைச் சுற்றி நடப்பது. அந்தக் கூட்டத்தில் நிற்கவும் முடியாது, எதிர்த்திசையில் திரும்பவும் முடியாது. பின்னால் வருகிறவர்கள் நெட்டிக்கொண்டே போவார்கள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, இரண்டு உதட்டையும் ஒட்டவைத்து நடந்தார். மோர் கொடுப்பவர் மடக்கினார். தலையாட்டினார். சுண்டல் கொடுப்பவர் மடக்கினார். அதற்கும் தலையாட்டினார். "சாமி மௌன விரதம்" என்று யாரோ சொல்ல, ஓர் அம்மாள் அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

செல்போன் அடித்தது. மேஜையிலிருந்து சரசு. "எங்கய்யா கீற? ஜனம் வந்து நிக்கிது."

"ம்."

"இன்னா ம்?"

"ம்ம்."

ஐந்தரைக்குக் கூட்டம் அவரைக் கொண்டுபோய் அவர் மேஜை முன்னாலேயே தள்ளிவிட்டது. சரசு பார்த்தார். "வாயத் தொற." திறந்தார். "அட பாவி மனுஷா, இங்க் பாட்டில கவுத்துக்கினியா?"

அதற்குள் நாற்பது ஐம்பது பேர் சூழ்ந்துவிட்டார்கள். கீழ்பென்னாத்தூரிலிருந்து மாதம் தவறாமல் வேன் பிடித்து வருகிற எல்லம்மாள் முன்வரிசையில் நின்றார். "ஏறு தம்பி, எட்டு டப்பா வாங்கணும். தேய்ச்சிக் காட்டு, இதுங்களுக்கும் தெரியட்டும்" என்று கூட வந்த பெண்களைக் காட்டினார்.

அப்பாதுரை ஸ்டூலில் ஏறினார். பழக்கத்தில் கை டப்பாவுக்குள் போய்விட்டது. விரல் நுனியில் சிவப்புப் பொடி. வாய்க்கும் விரலுக்கும் நடுவில் ஒரு சாண் தூரம். தேய்த்தால் பல் போகும். தேய்க்காவிட்டால் கடை போகும். மரத்திருந்த ஈறு மெல்ல உயிர் பெற்று விண்விண் என்றது.

"வாய் ஏன் நீலமா இருக்கு?" என்றது ஒரு குரல்.

"புதுப் பொடியா இருக்கும். நீலப் பொடி இருந்தா அதையே குடுப்பா" என்றது இன்னொரு குரல்.

பொய்யை யாராவது இப்படிச் சமைத்து இலையில் பரிமாறுவார்களா? 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை போதும். அப்பாதுரை எல்லம்மாளைப் பார்த்தார். அந்த அம்மாள் ஆவலாகச் சிரித்தார். மேல் வரிசையில் நான்கு பல் இல்லை. போன வருஷம் இருந்தன.

விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"பொடி இல்லீங்க. எனக்கு ஈறு நோய். மூணு வருஷமா ரத்தம் வருது. தெரியக்கூடாதுன்னுதான் பொடியச் செவப்பாக்கினேன். இன்னைக்கு டாக்டர்கிட்டப் போயி லைட் வச்சிக்கினு வரேன். உங்களுக்கு ரத்தம் வந்தா நீங்களும் போங்க. என் பொடி ஈறுக்கு ஆவாது."

இன்னும் மரப்பு விடாத உதட்டில் பாதி வார்த்தை வழுக்கினாலும் எல்லோருக்கும் புரிந்தது. சரசு கண்ணை மூடிக்கொண்டார்.

எல்லம்மாள்தான் முதலில் சிரித்தார். "பேச்சப் பாரேன்! தன் சரக்கத் தானே கொற சொல்றான். இவ்ளோ நாணயமான ஆளு எந்தக் கடைல கீறான்?"

"அம்மா, நெஜமாத்தான் சொல்றேன். வாங்காதீங்க!"

"பாத்தியாடி, வாங்காதீங்கன்றான்! பன்னண்டு குடு."

அவர் கெஞ்சக் கெஞ்சக் கூட்டம் கைதட்டியது. பத்தொன்பது வருஷத்தில் அந்த மேஜை அப்படிக் காலியானதில்லை. ஸ்டூலை விட்டு இறங்கி எல்லம்மாளின் பையிலிருந்து டப்பாவைத் திரும்ப எடுக்கப் பார்த்தார். "பிகு பண்றான்" என்று பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அந்த அம்மாள் கூட்டத்தோடு நடந்துவிட்டார்.

"நெஜத்தச் சொன்னா யாவாரம் போயிடும்னு பயந்தியே" என்றார் சரசு, காலி மேஜையைத் துடைத்தபடி.

"இப்பதான் பயமா இருக்கு."

அடுத்தடுத்த மாதங்களில் செங்கம் ரோட்டுக்கு இன்னும் இரண்டு தடவை போய்வந்தார். முகக்கவசம் தேவைப்படவில்லை. ஏழு, நான்காகக் குறைந்தது. கீழ் இரண்டும் இறுகிவிட்டன. காலையும் மாலையும் மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்தால் நிற்கும் என்றார் டாக்டர். தேய்க்கிறார். காவிக்கல்லையும் நிறுத்திப் பார்த்தார். பழைய சிவப்புதான் வேண்டும் என்று ஜனங்கள் சண்டைக்கு வர, சரசுவே உரலில் இடித்துக் கலந்துவிட்டார். பௌர்ணமி வந்தால் ஸ்டூலில் ஏறி, பொடியைத் தொடாமல், வாங்காதீர்கள் என்று தொண்டை வறளச் சொல்கிறார். வரிசை கோயில் வாசல் வரை நிற்கிறது.

போன வாரம் டப்பாவுக்குப் புது லேபிள் அடிக்கச் சரசு படம் எடுத்தார். லேபிளில் போடவேண்டிய வாசகத்தையும் எழுதி வைத்துவிட்டார்: 'ஈறு நோய் கண்டு குணமான அப்பாதுரையின் மூலிகைப் பல்பொடி.'

"பொடியால இல்லன்னு போடு" என்றார் அப்பாதுரை.

"எடம் பத்தாது. கீழ்ப்பல்லு தெரியிற மாதிரி சிரிய்யா."

அவர் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றார். சரசு செல்போனை இறக்கவில்லை. கை வலிக்கும், இறக்கிவிடுவார் என்று அப்பாதுரை காத்திருந்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தக் கை வலித்து அவர் பார்த்ததில்லை. கடைசியில் 'ஈ' என்றார். இரண்டு பல்லும் அசையாமல் நின்றன.