என் கைக்கு வந்த தாயத்து

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். பள்ளிக்கூடம் அதற்காக அழுததாகத் தகவல் இல்லை. அதனால், என் ஏழு வயது மகள் வகுப்பில் நாற்காலியைத் தூக்கி எறிந்தபோது, தலைமையாசிரியை அவளை விட்டுவிட்டு என்னைத்தான் ஏற இறங்கப் பார்த்தார். என்ன கோளாறு என்று டாக்டர் சொல்லும்வரை பிள்ளை வீட்டிலேயே இருக்கட்டும் என்றார்.

வீட்டில் அவள் தலையைச் சுவரில் மோதினாள். தடுக்கப்போன என்னைக் கடித்தாள். செமோரில் எங்கள் எதிர்வீட்டு அக்கா, தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரிக்குக் கேட்காமலேயே வழி சொன்னாள்.

ஈப்போவில் மூளையை ஸ்கேன் எடுக்கத் தேதி கிடைக்கவே மாதக்கணக்கில் ஆயிற்று. உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். மகளின் தோடு, கொலுசு எல்லாம் கழற்றிவிட்டு, ஒன்றுமில்லை என்று கவுண்டரில் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். மருந்து கொடுத்து அவளைத் தூங்க வைத்தார்கள். உடை மாற்றும்போதுதான் தாதி அதைப் பார்த்தாள். இடுப்பில் தாயத்து. பழைய ரப்பர் தோட்டத்துக் கோயில் பூசாரி கட்டியது.

“அண்ணே, இரும்பு ஒன்னும் இல்லன்னீங்க?”

“அது இரும்பு இல்ல மிஸ்ஸி. சாமி.”

“சாமிய வெளிய உக்கார வைங்கலா. புள்ள முழிச்சிட்டா இன்னிக்கு ஸ்கேன் கிடையாது.”

கத்தரிக்கோலை நீட்டினாள். என் மனைவி தாயத்தைத் தொடவிடவில்லை. அறுத்தால் பிள்ளையைப் பிடித்தது இரண்டு மடங்காகத் திரும்பும் என்று பூசாரி சொல்லியிருந்தாராம். பிள்ளையின் கால் விரல் அசைந்தது.

“என் கையில கட்டு,” என்றேன். “வர்றது என் தலைக்கு வரட்டும். அங்க எடம் காலியாத்தான் இருக்கு.”

மனைவி கயிற்றை அறுத்து என் மணிக்கட்டில் கட்டினாள். அதைக் கட்டிக்கொண்டு நான் உள்ளே போக முடியாது. பிள்ளையோடு அவள் மட்டும் போனாள். கதவுக்கு வெளியே மிஷின் இடிக்கிற சத்தத்தைக் கேட்டபடி வேண்டிக்கொண்டேன். எந்தத் தகப்பனும் வேண்டாததை. படத்தில் ஏதாவது இருக்கட்டும். சின்னதாக, மருந்துக்கு அடங்குகிற மாதிரி.

அடுத்த முறை போனபோது, படத்தில் ஒன்றுமே இல்லை என்றார் டாக்டர். என் மனைவி கும்பிட்டாள். இன்னொரு தடவை பார்க்கச் சொன்னேன். இந்த மாதிரிப் பிரச்சினை எல்லாம் ஸ்கேனில் தெரியாது, வேறு டாக்டரிடம் அனுப்புகிறேன் என்றார். அதற்கும் தேதிக்குக் காத்திருக்க வேண்டும்.

காரில் ஏறியதும் மகள் பின்னாலிருந்து என் சீட்டை உதைக்க ஆரம்பித்தாள்.

“பள்ளிக்கூடத்துல என்னா சொல்றது?” என்றாள் மனைவி.

“மூள நல்லாருக்குன்னு சொல்லு.”

“நம்புவாங்களா?”

“என்னுதுன்னு சொன்னாத்தான் நம்ப மாட்டாங்க.”

அவள் சிரிக்கவில்லை. தாயத்துக் கையால் சாவியைப் பிடித்தபடி, காரை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். முதுகில் உதை விழுந்துகொண்டே இருந்தது.