பதினோரு இடங்களில் மாற்றிய சொல்

காலை பத்து மணி இருபது நிமிடம். திண்டிவனத்தில் அந்தக் கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்ததும் முதலில் பார்த்தது மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த ஃபிளெக்ஸை. நீலக் கடல், மூன்று தென்னை மரங்கள், ஒரு டைனோசர். சிறுவர் கதைப் போட்டியில் முதல் பரிசு பெற்ற கதைக்காக அடித்தது. கதையில் டைனோசர் கிடையாது.

எழுதியவர்கள் என் மகளும் அவள் சிநேகிதியும். இருவரும் விழுப்புரத்தில் ஆறாம் வகுப்பு. கதையில் ஒரு பழைய ஷேர் ஆட்டோ வரும். ரிவர்ஸ் கியர் போட்டால் அது காலத்தில் பின்னால் போகும். இரண்டு பேரும் அதில் ஏறி ஒரு தீவில் போய் இறங்குகிறார்கள். அங்கே ஒரு சிறுமி சிநேகிதியாகிறாள். இவர்கள் பாவாடை மடிப்பிலிருந்து ஒரு பிடி மல்லாட்டை கொடுக்க, அவள் அந்தப் பெயரையும் கேட்டுக்கொண்டு அதை விதைக்கிறாள். எங்கள் பக்கம் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்றுதான் பேர்.

இந்தக் காலத்துக்குத் திரும்பி அதே தீவுக்குப் போனால் எங்கும் மாடிக் கட்டடம். கடைப் பலகைகளில் எல்லாம் வேர்க்கடலை என்று எழுதியிருக்கிறது. ஒரே ஒரு தள்ளுவண்டியில் மட்டும் ஒருத்தி ‘மல்லாட்டை, மல்லாட்டை’ என்று கூவுகிறாள். அந்தச் சிறுமி தங்களை மறக்கவில்லை என்று இருவருக்கும் தெரிந்துவிடுகிறது; அழுகிறார்கள்.

இந்த முடிவு சிநேகிதியின் யோசனை. அவள் அம்மா கோலியனூர் பக்கம் செடியிலிருந்து மல்லாட்டை ஆயும் கூலி வேலைக்குப் போகிறவர்.

நோட்டில் இருந்ததைக் கணினியில் அடித்து அனுப்பியது நான். பல வருடம் செய்தித்தாளில் பிழை திருத்தியவள். வட்டாரச் சொல் வந்தால் பொதுச் சொல் போடு என்பது எங்கள் மேசையின் விதி. ஒரே சொடுக்கில் பதினோரு இடங்களில் மல்லாட்டை வேர்க்கடலை ஆனது. கதையைப் படித்தேன் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. எழுத்துப் பிழை பார்த்தேன், அவ்வளவுதான்.

அச்சிட்ட தாளை இருவரும் மேடையில்தான் முதல்முறை பார்த்தார்கள். முன்பக்கங்களை என் மகள் அச்சில் இருந்தபடியே வாசித்துவிட்டாள்; கடைசிப் பக்கம் சிநேகிதியின் முறை. கடைப் பலகைகளில் வேர்க்கடலை என்று படித்தாள். தள்ளுவண்டிக்காரி ‘வேர்க்...’ என்றதும் நின்றுவிட்டாள்.

“சார், இது தப்பா இருக்குது. மல்லாட்டைன்னு வரணும்.”

மண்டபம் சிரித்தது. நடுவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். மைக்கை வாங்கினார். “மேடையில போய் மல்லாட்டை, கேப்பைன்னு பேசுவாங்களாம்மா? சுத்தமான தமிழா இருக்குதேன்னுதான் பரிசே குடுத்தோம்.”

கைதட்டினார்கள். பலகையிலும் வேர்க்கடலை, கூவியதும் வேர்க்கடலை. பிறகு எதற்காக அந்தக் குழந்தைகள் கதையில் அழுகிறார்கள் என்று அந்த மனிதர் ஒரு நொடி யோசிக்கவில்லை. நானும்தான் யோசிக்கவில்லை.

சிநேகிதி என் மகள் பக்கம் திரும்பினாள். “நீதான்டி மாத்துன?”

“சத்தியமா நான் இல்லடி.”

“உங்க ஊட்லதான அடிச்சீங்க? எங்கம்மா பேசறது உனக்கு அசிங்கமா இருந்துச்சுன்னா மொதல்லயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?”

மைக்கில் எல்லாம் கேட்டது. “பாத்தீங்களா, ரெண்டு எழுத்தாளருக்குள்ள சண்டை,” என்றார் நடுவர். மறுபடியும் சிரிப்பு.

நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். மேடை பத்தடி தூரம்கூட இல்லை. எழுந்து, ‘நான்தான் மாற்றினேன்’ என்று சொல்ல அரை நிமிடம் போதும். மற்றவர்களின் தவறைச் சிவப்பு மையில் வட்டமிட்டுப் பிழைத்தவள், போட்டோ எடுத்து முடிக்கும்வரை நாற்காலியை விட்டு அசையவில்லை.

பேருந்து நிலையத்தில் சொன்னேன். “மாத்தினது நான்தாம்மா. இவளுக்கு ஒண்ணும் தெரியாது.”

சிநேகிதி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“நீங்கன்னா அங்கயே சொல்லியிருப்பீங்க ஆன்ட்டி. அவ்ளோ பேரு சிரிக்கறப்ப பாத்துக்கினா இருந்திருப்பீங்க? இவளக் காப்பாத்தறதுக்கு இப்ப சொல்றீங்க.”

“அம்மா, நெஜமாவே நீதான்னு சொல்லும்மா,” என்று என் மகள் என் கையைப் பிடித்து உலுக்கினாள். சொன்னேன். மூன்று முறை சொன்னேன்.

விழுப்புரம் பேருந்தில் சிநேகிதி முன்பக்கம் போய் ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள்.

திங்கட்கிழமை அவள் வகுப்பில் என் மகளின் பக்கத்திலிருந்து தன் பையை எடுத்துக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள்.