கதாநாயகியின் மீசை

சன்னிவேல் உணவக வேலையை விட்டுவிட்டு எல் கமினோ சாலையில் நடந்துகொண்டிருந்தேன். காலையில் ஊரிலிருந்து போன்: அப்பா இறந்துவிட்டார். என் விசா முடிந்து வெகுநாளாகிறது. போனால் திரும்ப முடியாது. முதலாளி, "ஃபீல் பண்ணாத, லஞ்ச் பஃபே இருக்கு" என்றார். ஏப்ரனைக் கழற்றி வைத்தேன்.

வழியில் ஒரு சிறு நாடக அரங்கின் பக்கவாசல் திறந்திருந்தது. ஒப்பனைப் பசையும் முகப்பவுடரும் கலந்த வாசனை.

ஊரில், ஊழியர் மன்றமான எங்கள் ரயில்வே இன்ஸ்டிடியூட்டில் ஆண்டுதோறும் பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலக் காதல் நகைச்சுவை ஒன்று நடக்கும். பெண் வேடமும் ஆண்களுக்குத்தான். ஃபிட்டரான அப்பா ஒருமுறை கதாநாயகியானார், மீசையை எடுத்தார். எங்கள் பக்கத்தில் தகப்பன் செத்தால்தான் மகன் மீசை எடுப்பான். நாடகம் பார்க்க வந்த தாத்தா வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"நான் உசுரோடதானடா இருக்கேன்? எவனுக்குக் கொள்ளி வெச்ச?"

"நாடகம்ப்பா. நான்தான் கதாநாயகி."

"உன்னை எவன்டா கட்டிக்கப் போறான்?"

"ஸ்டோர்ஸ் கிளார்க்."

தாத்தா சிரிக்கவில்லை. தண்ணீர்கூடக் குடிக்காமல் அடுத்த பஸ் ஏறினார்.

அன்று மாலை சணல்நார் டோப்பாவோடு அப்பா ஆங்கிலத்தில் வெட்கப்பட்டார். சபை சிரித்தது. முன்வரிசையில் காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்தபடியே காதலனுக்குச் சம்மதம் சொன்னார்.

போன் வந்த மறுநாள் விடிந்ததும், நண்பன் அறையில் நான் மீசையை எடுத்தேன். பிறகு சான்டா கிளாராவில் ஒரு தமிழர் மளிகைக் கடையில் மூட்டை இறக்கும் வேலைக்குப் போனேன். கடைக்கார அங்கிள் என் முகத்தையே பார்த்தார்.

"அப்பாவா?"

தலையசைத்தேன்.

"இன்னைக்கு மூட்டை வேணாம்ப்பா. கறிவேப்பிலையைக் கட்டி வை, போதும்."