பன்னெண்டு மணி மேடம்

போன ஞாயிற்றுக்கிழமை மதுரையிலிருந்து போடிக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தேன். ராசிங்காபுரத்தில் சித்தப்பா மகன் வீட்டுக் காதுகுத்து. தேனி தாண்டியதும் மலை கிட்டத்தில் வந்துவிடும். ஏதாவது ஒரு எஸ்டேட்டின் மேல் மேகம் சோம்பலாகப் படுத்துக் கிடக்கும். அதைப் பார்த்துக்கொண்டே கண் அசந்துவிடுவது என் வழக்கம். அன்றைக்குத் தூங்க முடியவில்லை. கைப்பேசி அடித்துக்கொண்டே இருந்தது. பழைய வானொலி நேயர்கள் சேர்ந்து வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழுவில் வரிசையாகக் கும்பிட்ட கைகள். மேடம் இறந்துவிட்டாராம்.

மேடம் என்றால் உங்களுக்குத் தெரிய நியாயமில்லை. அவருக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தது. ஆனால் எங்கள் செட்டில் அவர் ‘பன்னெண்டு மணி மேடம்’தான். தினமும் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு எஃப்எம்மில் வருவார், நேயர்களோடு போனில் பேசுவார், கேட்ட பாட்டைப் போடுவார், ஒரு மணிக்குப் போய்விடுவார். யாரோ அந்தக் குரலை அரை நிமிடம் பதிந்து வைத்திருந்து குழுவில் போட்டிருந்தார்கள். காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். குரல் வந்ததும் ஏலக்காய் வாசம் வந்தது. ரயிலில் அது வர வழியே இல்லை, பக்கத்துச் சீட்டுக்காரர் முறுக்குத் தின்றுகொண்டிருந்தார். ஆனாலும் வந்தது.

குழுவில் ஆளாளுக்கு ஒரு மேடத்தை எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருவர், தன் அம்மா இறந்த வாரம் போன் செய்தபோது பாட்டையே தள்ளிவைத்துவிட்டுத் தன்னோடு பேசிக்கொண்டிருந்தார் என்று எழுதினார். பொட்டிபுரத்து அண்ணன் ஒருவர், “இறந்தவங்களப் பத்தித் தப்பாப் பேசக் கூடாது, ஆனாலும்” என்று ஆரம்பித்து, தான் கார்டு கார்டாகப் போட்டும் ஒன்றைக்கூட வாசிக்கவில்லை என்றார். போடிமெட்டில் டீக்கடை வைத்திருந்தவர், மலையில் மலையாள ஸ்டேஷன் குறுக்கே வந்துவிடும், ரேடியோவைப் பால்கேன் மேல் வைத்தால்தான் மேடம் தமிழில் பேசுவார் என்று எழுதியிருந்தார். நானும் என் பங்குக்கு எழுதினேன். “இனிமையான குரல். ஆனால் நன்றாகப் பழகிய நேயரையே மறந்துவிடுவார். எனக்கு அனுபவம் உண்டு.” ரயில் போடி போய்ச் சேருவதற்குள் ஏழு பேர் அதற்குக் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள். எனக்கும் திருப்தியாகத்தான் இருந்தது.

அந்த அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன். பிளஸ் டூ முடித்த வருடம், மேலே படிக்க வைக்க வீட்டில் தோதில்லை. போடியில் ஒரு ஏலக்காய்க் குடோனில் காய் ஆயப் போனேன். இரண்டு வரிசையாகப் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்திருப்போம். மடியில் ஆளுக்கொரு முறம், எங்கள் ஊரில் சொளகு. காய்ந்த காயின் காம்பைக் கிள்ள வேண்டும். வெடித்தது, கருத்தது, புள்ளி விழுந்தது எல்லாவற்றையும் கழித்துவிட்டு, பச்சை மாறாத உருண்டைக் காயைத் தனியாகச் சேர்க்க வேண்டும். நாள் முழுக்கக் கிள்ளினால் நகக்கண் எரியும். ராத்திரி ரசம் ஊற்றிப் பிசைய முடியாமல் துரைமார் மாதிரி கரண்டியில் சாப்பிடுவோம். வாசமோ எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. சாயங்காலப் பஸ்சில் கண்டக்டர் தலையைத் தூக்காமலே, “குடோன் ஆளுக பின்னால போங்க” என்பார். அதற்கு நான் கூனிக் குறுகிப்போவேன். பக்கத்தில் இருக்கும் ஈஸ்வரி, “ஏண்ணே, ஓசியில ஒரு வாசம் கெடைக்குதுல்ல, பேசாம டிக்கெட்டக் குடு” என்பாள்.

ஈஸ்வரி என் வயசுக்காரி, ராசிங்காபுரம்தான். குடோனில் எனக்கு இடதுபக்கம் அவள். அவள் ஆய்ந்து முடித்துவிட்டு என் சொளகிலிருந்தும் ஒரு கை அள்ளிக்கொள்வாள். கேட்டால், “வெரசா முடிச்சாத்தான ஒங்கூடப் பேச முடியும்” என்பாள்.

குடோனில் ஒரு ரேடியோப் பெட்டி உண்டு. எதிர்ச்சாரியில் எஸ்டிடி பூத். எங்களுக்குள் ஒரு முறை வைத்திருந்தோம். ஒரு நாளைக்கு ஒருத்தி பன்னிரண்டு மணிக்கு எழுந்து போய் மேடத்துக்குப் போன் போட வேண்டும், அவள் காயை மற்றவர்கள் பங்கு போட்டு ஆய்ந்துவிட வேண்டும். லைன் கிடைத்தால் ‘போடி ஏலக்காய்க் குடோன் செட்’டுக்காக ஒரு பாட்டுக் கேட்க வேண்டும், அதுதான் ஏற்பாடு. மாதக்கணக்கில் யாருக்குமே லைன் கிடைக்கவில்லை. போய் நின்று நம்பரைத் திரும்பத் திரும்ப அழுத்திவிட்டு, வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வருவோம். ஆனாலும் ஒருத்தியும் தன் முறையை விட்டதில்லை.

ஒரு நாள் எனக்குக் கிடைத்துவிட்டது.

“வணக்கம். சொல்லுங்கம்மா, எந்த ஊரு?” என்றது அந்தக் குரல், என் காதுக்குள், எனக்கு மட்டும். ஊர் சொன்னேன், பேர் சொன்னேன். “என்ன பண்றீங்க?” என்றார். எனக்கு முன்னால் பேசிய பெண் கல்லூரியில் படிப்பதாகச் சொல்லி, மேடமும் அவளைக் கொஞ்சோ கொஞ்சென்று கொஞ்சியிருந்தார். என் வாய் என்னைக் கேட்காமலே, “காலேஜ் படிக்கிறேன் மேடம்” என்றது. “எத்தனாவது வருஷம்?” என்றால் “ரெண்டாவது” என்கிறேன். முதல் வருஷம் என்று சொல்லியிருந்தாலாவது பொய் கொஞ்சம் குறைந்திருக்கும். “என்ன பாடம்?” தாவரவியலாம். மடியெல்லாம் ஏலக்காயாகக் கிடந்தால் வேறு என்ன தோன்றும்? பதற்றத்தில், குடோன் செட்டுக்கு என்று சொல்லவும் மறந்து, பாட்டை எனக்கே கேட்டுக்கொண்டு போனை வைத்துவிட்டேன்.

திரும்பி வந்தபோது ரேடியோவில் என் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பதினோரு பேரும் சத்தத்தைக் கூட்டிவைத்துக் கேட்டிருக்கிறார்கள். என் பங்குக் காய் முழுவதும் ஆய்ந்து குவித்திருந்தது. எங்களில் மூத்தவரான முத்தக்காதான் முதலில் சிரித்தார். “காலேசுக்காரி வந்துட்டா, நகந்து எடம் விடுங்கடி.” எல்லோரும் சிரித்தார்கள். ஈஸ்வரி மட்டும் சிரிக்கவில்லை. “எங்கூட காய் ஆயுறேன்னு சொன்னா வாய் வெந்துபோயிருமா?” என்று கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

அதற்கப்புறம் எனக்கு மட்டும் லைன் கிடைக்க ஆரம்பித்தது. என் கைராசி என்று சொல்லி, ஆளாளுக்குத் தங்கள் முறையை எனக்கே விட்டுக்கொடுத்தார்கள். மேடம் என் குரலைக் கேட்டதுமே, “அட, நம்ம போடி காலேஜ் பொண்ணு! படிப்பு எப்படிப் போகுது?” என்பார். நானும் கூசாமல் நன்றாகப் போகிறது என்பேன். பரீட்சை வந்தது, எழுதினேன். ரிசல்ட் வந்தது, பாஸானேன். எல்லாம் காற்றிலேயே. பாஸானதற்குக் குடோனில் பார்ட்டி கேட்டு, நான் எழுதாத பரீட்சைக்குப் பன்னிரண்டு பேருக்கும் காராச்சேவும் சீனிமிட்டாயும் வாங்கிக் கொடுத்தேன். முத்தக்கா வாய் நிறையத் தின்றுகொண்டே, “அடுத்து பெரிய பரீட்ச எழுது தாயி, பாதுஷா வாங்கலாம்” என்றார். ஈஸ்வரி தன் பங்கைப் பொட்டலமாகவே என் பக்கம் தள்ளி வைத்துவிட்டாள்.

விளையாட்டுப் போலத்தான் இருந்தது. ஆனால் நானே என்னை ஒரு மாதிரி வைத்துக்கொள்ள ஆரம்பித்திருந்தேன். பஸ்சில் அவர்களை விட்டுத் தள்ளி நின்றேன். முந்தானையில் பவுடர் போட்டுக்கொண்டேன், வாசம் தெரியாமலிருக்க. அவர்கள் பேசும்போது வராத சிரிப்பை வரவழைத்துக்கொண்டேன். இதெல்லாம் யாருக்கும் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்ததுதான் வேடிக்கை.

பிறகு ஒரு நாள் ஈஸ்வரி, “என் மொறைய நான் யாருக்கும் குடுக்கல” என்று எழுந்து பூத்துக்குப் போனாள். லைன் கிடைத்தது. ரேடியோவில் அவள் குரல் கணீரென்று வந்தது. என்ன பண்றீங்க என்று மேடம் கேட்டதும், “ஏலக்கா குடோன்ல காய் ஆயுறேன் மேடம். எங்க செட்டுல பன்னெண்டு பேரு” என்று ஒவ்வொரு பேராகச் சொன்னாள். ஒவ்வொருத்தியும் தன் பேர் வந்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். கடைசியாக என் பேர். மேடம் ஒரு நொடி தயங்கினார். “இதே பேர்ல, இதே ஊர்ல எனக்கு ஒரு காலேஜ் பொண்ணு உண்டே?”

குடோனில் கை எல்லாம் நின்றுபோயிற்று.

“அவ வேற ஆளு மேடம்” என்றாள் ஈஸ்வரி.

பாட்டு வந்தது. பாட்டு முழுசாக முடிந்து அடுத்த பாட்டு தொடங்கியதற்குப் பிறகுதான் அவள் திரும்பி வந்தாள். கண் சிவந்திருந்தது. தன் சொளகை எடுத்துக்கொண்டு போய் எதிர்வரிசையில் முத்தக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். என்னைக் காப்பாற்றினாளா, கை கழுவினாளா என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவும் துணிச்சல் இல்லை.

அடுத்த என் முறை வந்தபோது மேடத்திடம் என் பேரைச் சொன்னேன். “அட” என்று ஆரம்பிப்பார் என்று காத்திருந்தேன். ஆரம்பிக்கவில்லை. படிப்பைப் பற்றியே கேட்கவில்லை. “கை எப்படிம்மா இருக்கு? எரிச்சல் இருக்கா?” என்றார், மெதுவாக. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. கை எரிகிற யாரோ ஒரு நேயரோடு என்னைக் குழப்பிக்கொள்கிறார், இத்தனை மாதம் பேசியும் இவ்வளவுதானா நான் என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “நீங்க வேற யாரையோ நெனச்சுக்கிட்டுக் கேக்குறீங்க மேடம்” என்றேன், வெடுக்கென்று. “அப்படியா? சரிம்மா. எதுக்கும் கையப் பாத்துக்கோங்க” என்றார். நான் பாட்டுக் கேட்காமலே வைத்துவிட்டேன். குடோனுக்கு வந்தால் ஈஸ்வரி சொளகைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். “அந்தம்மா எம்புட்டு ஆசையாக் கேட்டுச்சு” என்றாள். குத்திக் காட்டுகிறாள் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மேடத்துக்கு நான் அப்புறம் போன் செய்யவே இல்லை.

கல்யாணமாகி மதுரைக்குப் போனேன். தபால் வழியில் படித்து உண்மையிலேயே பட்டம் வாங்கினேன். அந்த வகையில் இரண்டாம் வருஷத்தை இரண்டு தடவை படித்தவள் நான். ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலையும் கிடைத்தது. படிப்பு எப்படிப் போகுது என்று கேட்கத்தான் ஆளில்லை, அதற்குள் அந்த நிகழ்ச்சியை நிறுத்தியிருந்தார்கள். ஊருக்குப் போகும்போதெல்லாம் ஈஸ்வரியைப் பார்ப்பேன். பிள்ளைகள், மாமியார், மழை, எல்லாம் பேசுவோம். அதை மட்டும் பேசியதில்லை.

இந்தத் தடவையும் காதுகுத்துச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். இப்போது அவள் விடிகாலை ஜீப்பில் மலையேறி, கேரளப் பக்கத்து எஸ்டேட்டில் காய் எடுக்கப் போகிறாள். ஞாயிறு லீவு. காப்பி இன்னும் கொஞ்சம் ஊற்றவா என்று நான் கேட்டால், போதும் என்பதற்கு “மதி, மதி” என்று மலையாளத்தில் கைகாட்டும் அளவுக்கு மலை அவளிடம் ஒட்டியிருந்தது.

“பன்னெண்டு மணி மேடம் போயிருச்சாம்டி” என்றேன்.

டம்ளரை வைத்துவிட்டாள். “அடப் பாவமே. நல்ல மனுசி.”

“என்ன நல்ல மனுசி? அத்தன நாளு பேசிட்டு என்னையவே மறந்துருச்சு. கை எரியுதான்னு கேட்டுச்சு, ஞாபகமிருக்கா?”

ஈஸ்வரி என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். “அடியே, இன்னமுமா ஒனக்குத் தெரியல? ரேடியோவுல பாட்டப் போட்டாலும் போனு கட்டாகலடி. ‘நெசமாவே வேற ஆளாம்மா?’ன்னு கேட்டுச்சு. நான் அழுதுட்டேன். அவதான் மேடம் அது, எம்பக்கத்துல உக்காந்துதான் காய் ஆயுறா, வெக்கப்பட்டுச் சொல்லிட்டா, நீங்க காலேஜு காலேஜுன்னு கேக்கக் கேக்க எங்கள விட்டுத் தள்ளித் தள்ளிப் போறா, இனிமே அதக் கேக்காதீங்கன்னேன். ‘அப்ப என்னத்தம்மா கேக்கட்டும்?’னுச்சு. கையக் கேளுங்க மேடம், எங்களுக்கெல்லாம் கைதான் எரியும்னேன்.”

வெளியே ஒரு லோடு ஜீப்பு போயிற்று.

“ஏண்டி அப்பவே சொல்லல?”

“நீதான் மொகத்தத் தூக்கி வச்சுக்கிட்டயே. பெறகு ஒனக்குக் கல்யாணம். சரி, நல்லாருக்கட்டும்னு விட்டுட்டேன்.”

அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். நகத்தைச் சுற்றிக் கருப்பாக இருந்தது, ஏலக்காய்ச் செடியின் கறை. எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

சாயங்காலம் பஸ்சில் போடிக்கு வந்து, ரயிலுக்கு நேரமிருந்ததால் அந்தப் பழைய தெருவுக்குப் போனேன். பூத் இருந்த இடத்தில் மொபைல் கவர் விற்கிறார்கள். குடோன் இருக்கிறது, ஆனால் பெண்கள் வரிசை இல்லை. காயைக் கேமரா வைத்த எந்திரம் நிறம் பார்த்துப் பிரிக்கிறதாம். அதற்கு ரேடியோ தேவையில்லை. முத்தக்கா போய் வெகுநாளாகிறது. மற்றவர்களில் நாலு பேர் எங்கே என்றே தெரியாது. பன்னிரண்டு பேரையும் வரிசையாகப் பேர் சொல்லி அழைத்த ஒரே மத்தியானம் அந்த மத்தியானம்தான், அதையும் யாரும் பதிந்து வைக்கவில்லை.

ரயிலில் உட்கார்ந்து குழுவைத் திறந்தேன். என் வரிக்குக் கட்டைவிரல் பதினொன்றாகியிருந்தது. அதை அழித்தேன். இந்தச் செய்தி நீக்கப்பட்டது என்று அங்கே ஒரு வரி நின்றது. அதன் கீழே என் பேரை எழுதி, ஊரை எழுதி, ‘ஏலக்காய்க் குடோனில் காய் ஆய்கிற வேலை’ என்று எழுதினேன். மலை இருட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. கடைசியாக ஒரு வரி சேர்த்தேன்.

கை இப்ப எரியல, மேடம்.