வெண்காரம் போட்ட தென்னை

என் கணவர் ஆம்பூரில் ஒரு தோல் பதனிடும் ஷாப்பில் ஊறல் தொட்டி வேலை பார்த்தார். விறைத்துக் காய்ந்து வரும் ஆட்டுத் தோலை வெண்காரம் என்கிற வெள்ளை உப்பைக் கரைத்த தண்ணீரில் ஊறப் போட்டால் இளகிவிடும். எந்தத் தொல்லை வந்தாலும் அவருடைய புத்தி அந்தத் தொட்டிக்குத்தான் போகும். எனக்குக் கால் மரத்துப் போனால்கூட, "ஊற வெச்சா சரியாப் பூடும்" என்று வெந்நீர் காய வைப்பார்.

என் தங்கை சின்ன வயதிலேயே கணவனை இழந்தவள். பாலாற்றங்கரையில் ஒரு குடிசையும் இரண்டு தென்னையும்தான் அவளுக்கு மிச்சம். தேங்காய் விற்று, கீற்று முடைந்து, யார் கையையும் எதிர்பாராமல் இருந்தாள். எங்களோடு வந்துவிடு என்று எவ்வளவோ கூப்பிட்டோம். ரோஷக்காரி, வரவில்லை.

அந்த மரங்களுக்கு நோய் கண்டது. புதுக் குருத்து விரியாமல் சுருங்கி முறுக்கிக்கொண்டது, குரும்பையெல்லாம் உதிர்ந்தது. சாணம் போட்டாள், சாம்பல் போட்டாள். ஒன்றும் நடக்கவில்லை.

விழுந்து கிடந்த மட்டையை என் கணவர் தடவிப் பார்த்தார். "காஞ்ச தோலு மாதிரியே இருக்குது. அத்த இளக்கறது இத்த இளக்காதா?" என்றார்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் காதிலேயே வாங்காமல் ஒரு பிடி வெண்காரத்தை வேரடியில் தூவித் தண்ணீர் விட்டார். அடுத்த மழைக்குப் பிறகு வந்த குருத்து நேராக விரிந்தது. மறு வருஷம் காய் பிடித்தது. தங்கை முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அதோடு விட்டிருக்கலாம். தோல் சரியாக இளகவில்லையென்றால் இன்னும் கொஞ்சம் வெண்காரம் போடுவதுதான் தொட்டி வேலைக்காரர் வழக்கம். கூடிப் போனாலும் தோல் கெடாது. அந்தத் தைரியத்தில் மரத்துக்கும் பிடி பிடியாய் ஏற்றினார்.

"போதும் மாமா, நல்லாத்தான காய்க்குது" என்றாள் தங்கை.

"இன்னும் காய்க்கட்டுமே" என்றார்.

ஓலை நுனி மஞ்சளடித்து, ஓரமெல்லாம் நெருப்பு வைத்ததுபோல் கருகியது. பழைய நோய்தான் திரும்பிவிட்டது என்று பயந்து முறம் நிறையக் கொண்டுவந்து கொட்டினார். இரண்டு மரமும் மொட்டையாய் நின்றன. தங்கை எங்கள் வீட்டுக்கு வரவில்லை. கோலார் தங்க வயலுக்குக் கல் உடைக்கப் போய்விட்டாள்.

சில வருஷம் கழித்து, விவசாய இலாகா ஆள் ஒருவர் ஊருக்கு வந்தபோது இவர் விஷயத்தைச் சொல்லிக் கேட்டார். அந்த உப்பு துளி இல்லாவிட்டால் குருத்து விரியாது, பூ காயாகாது, கொஞ்சம் கூடினால் அதுவே விஷம் என்றார் அவர். ஆடு மாட்டுக்கு அது தேவையா என்றுகூட இன்னும் யாருக்கும் தெரியாதாம். "மொதல்ல போட்டீங்களே ஒரு பிடி, அதோட நிறுத்தியிருக்கணும்" என்றார். வீட்டுக்குத் திரும்பிய என் கணவர் அன்று சோற்றைத் தொடவில்லை.

அந்தப் பொங்கலுக்குத் தங்கை வந்தாள். உருவமே மாறிப் போயிருந்தாள், கல் தூசியில் ஓயாத இருமல். இவர் அவள் முகத்தைப் பார்க்காமலே விஷயத்தைச் சொன்னார்.

"எனக்கு நல்லதுதான மாமா நெனச்ச, வுடு" என்றாள்.

அவள் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் அவர் மனசு கொஞ்சமாவது ஆறியிருக்கும் என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது.

மூட்டையைக் கட்டும்போது, "போவாதம்மா, இங்கயே இருந்துடு" என்று அவர் கெஞ்சினார்.

"இங்க எனக்கு இன்னா மாமா இருக்குது?" என்று கேட்டாள். கோபமே இல்லாமல்தான் கேட்டாள்.